ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் படிப்பதற்காக இங்கே தரப்படுகிறது.)



இன்றைய அஜெண்டாவில் ஐந்தாவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. குடியிருப்பில் யாராவது மனநிலை சரியில்லாமல் சத்தம் போட்டாலோ தொந்தரவு செய்தாலோ செக்யூரிட்டி உடனே போலீசுக்குப் போன் செய்ய வேண்டும், இரண்டாவது தடவை நடந்தால் அந்த வீட்டுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும்போது பயம் வரத்தான் செய்யும். ஆனாலும் இதை அப்படியே நிறைவேற்ற வேண்டாம், இதற்குப் பதிலாக வேறொரு தீர்மானம் போடுவோம் என்று கேட்கத்தான் எழுந்து நிற்கிறேன். பத்து நிமிடம் பொறுத்துக் கேளுங்கள்.

போன காலாண்டில் ஒரு ராத்திரி நடந்தது உங்களுக்குத் தெரியும். எந்த வீடு, யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் பேச வேண்டாம். அன்று என்ன நடந்தது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். உள்ளே ஒருவர் கத்துகிறார், பாத்திரம் உடைகிறது. வெளியே வராந்தாவில் முப்பது பேர். இரண்டு பேர் கையில் போன், வீடியோ ஓடுகிறது. ஒருவர் 100-க்கு அடிக்கிறார். வந்த இரண்டு காவலர்களும் பொறுமையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் உள்ளே இருந்தவர் இன்னும் மிரண்டுபோனார். அப்போது நம்மில் ஒருவர், "ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் காலையில வரைக்கும் வச்சிருங்க சார்" என்றார். காலையில் அந்த வீடியோ வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் இப்போது பால் பாக்கெட் எடுக்கக்கூடக் கதவை முழுசாகத் திறப்பதில்லை.

அன்று முப்பது பேர் இருந்தோமே, ஒருவருக்காவது போலீஸ் எண்ணைத் தவிர வேறு எண் தோன்றியதா? நெஞ்சு வலி என்றால் 108 என்று நமக்குத் தெரியும். தீ என்றால் 101. மனசு உடைந்துபோன நேரத்துக்கு எந்த எண் என்று யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் போலீசைக் கூப்பிடுகிறோம்.

இது சீர்காழிக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் மெம்பிஸ் என்ற ஊரில் 1987-இல், கத்தியால் தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்த ஓர் இளைஞரைப் போலீசார் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஊரே கொதித்தது. மறு ஆண்டு, 1988-இல், அந்த ஊர் போலீசும் மனநல மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். விருப்பப்பட்டு முன்வரும் காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி. மனநலம் சம்பந்தப்பட்ட அழைப்பு வந்தால் அவர்களைத்தான் அனுப்புவது. 1989-இல் ஆரிகன் மாநிலத்தில் யூஜின் என்ற ஊர் இன்னொரு படி மேலே போனது. அங்கே போலீசே போகாது. ஒரு மருத்துவ உதவியாளரும் ஒரு மனநலப் பணியாளரும் வேனில் போவார்கள். கையில் ஆயுதம் கிடையாது. 2020-இல் டென்வர் நகரமும் இதே மாதிரி ஒரு வேனை ஓடவிட்டது. இங்கிலாந்தில் அதே ஆண்டு ஹம்பர்சைடு போலீசார், உயிருக்கு ஆபத்தோ குற்றமோ இல்லாத மனநல அழைப்புகளுக்கு மருத்துவத் துறைதான் போக வேண்டும் என்று எல்லை வகுத்தார்கள். பிறகு லண்டன் போலீசும் அந்த வழிக்கு வந்தது.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். யூஜின் ஊரில் 35 வருஷம் ஓடிய அந்த வேன், பணத் தட்டுப்பாட்டால் 2025 ஏப்ரலில் அந்த நகரத்தில் நின்றுபோனது. ஆனால் யூஜினும் அதற்குப் பிறகு சொன்ன ஊர்களும் ஒரே முடிவுக்கு வந்தன. கலங்கிப்போன ஒருவர் வீட்டு வாசலில் முதலில் போய் நிற்க வேண்டியவர் வைத்தியம் தெரிந்தவர், காவலர் கூடத் துணைக்கு இருக்கலாம் என்பதுதான் அது.

நம் ஊரில் அப்படி ஒரு வேன் இல்லை. சரி, என்ன இருக்கிறது? நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் என்று 2017-இல் ஒரு சட்டம் வந்து, 2018-இல் அமலுக்கு வந்தது. அதில் நமக்கு வேண்டிய மூன்று பிரிவுகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 100-ஆவது பிரிவு. போலீஸ் எண்ணும் 100, இந்தப் பிரிவும் 100, நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து ஏற்படுத்தக்கூடியவர் என்று தோன்றும் ஒருவரையும், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் அலைபவரையும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி பாதுகாப்பில் எடுக்க வேண்டும். அது அவருடைய கடமை. எடுத்தபின் கூடிய சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. மருத்துவர் பார்த்துவிட்டு அட்மிட் செய்யத் தேவையில்லை என்றால், போலீஸே அவரைத் திரும்ப வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். ஆக, "காலையில வரைக்கும் ஸ்டேஷன்ல வச்சிருங்க" என்று நாம் கேட்டது, அந்தக் காவலர்களைச் சட்டத்தை மீறச் சொல்லிக் கேட்டது.

இரண்டாவது, 21-ஆவது பிரிவு. உடம்பு நோய்க்கு எப்படி ஆம்புலன்ஸ் வருகிறதோ அதே மாதிரி, அதே தரத்தில், மனநோய்க்கும் ஆம்புலன்ஸ் கிடைக்க வேண்டும் என்று உரிமையாகவே எழுதியிருக்கிறது. 108-க்குப் போன் செய்து, "மனநலப் பிரச்சினை, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்" என்று தயங்காமல் சொல்லலாம்.

மூன்றாவது, 94-ஆவது பிரிவு. உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ பலத்த காயம் என்ற நிலையில், மனநல மருத்துவர்தான் வர வேண்டும் என்றில்லை. பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம், மருத்துவமனையில் என்றில்லை, வெளியிலும் தரலாம். நியமனப் பிரதிநிதியின் சம்மதம் கிடைக்கும் இடத்தில் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதிகபட்சம் 72 மணி நேரம், அதற்குள் மனநலப் பிரிவில் காட்டிவிட வேண்டும். அதனால் சீர்காழி அரசு மருத்துவமனையில் ராத்திரி டியூட்டியில் இருக்கும் மருத்துவரே முதல் சிகிச்சையை ஆரம்பிக்கலாம். அங்கிருந்து மயிலாடுதுறை அரசு பெரியார் மருத்துவமனைக்கோ, கும்பகோணம் தாண்டித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவது அடுத்த கட்டம்.

ஆம்புலன்ஸை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் தெரியுமா? ராத்திரியில் உளறுவதும் அடையாளம் தெரியாமல் பேசுவதும் எப்போதும் மனநோயாக இருக்காது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தவருக்குச் சர்க்கரை இறங்கினால் அப்படி ஆகும். வயதானவர்களுக்கு உடம்பில் உப்பு குறைந்தால், மூத்திரப் பாதையில் கிருமி சேர்ந்தால், ஒரே நாளில் ஆளே மாறிப்போவார்கள். தினம் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அது உயிருக்கே ஆபத்தான நிலை. 108-இல் வருகிறவர் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்ப்பார், நாடியைப் பார்ப்பார். காவலரிடம் அதை எதிர்பார்க்க முடியுமா? நம் குடியிருப்பில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். இந்தத் தீர்மானத்தை அப்படியே நிறைவேற்றினால், நம்மில் ஒருவருக்கு உப்பு குறைந்த ராத்திரியிலும் செக்யூரிட்டி போலீசுக்குத்தான் போன் செய்வார். இரண்டாவது தடவை குறைந்தால் நோட்டீஸ் வரும்.

அடுத்தது ஓர் எண். 14416. எல்லோரும் இப்போதே போனை எடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். டெலி மனாஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இலவச மனநலச் சேவை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைதான் இதற்குத் தலைமை. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை. வீட்டில் இருப்பவரும், பக்கத்து வீட்டுக்காரரும், "இப்படி நடக்கிறது, நான் என்ன செய்வது?" என்று கேட்கலாம். வாசலுக்கு மனநல மருத்துவர் வர முடியாத ஊரில், அவர் குரலையாவது வாசலுக்குக் கொண்டுவருகிற வழி இது.

அப்படியென்றால் போலீஸ் வேண்டவே வேண்டாமா? வேண்டும். கையில் அரிவாளோ கத்தியோ இருந்தால், யாரையாவது அடிக்கப் பாய்ந்தால், கேஸ் சிலிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினால், தாமதிக்காமல் 112-ஐயோ 100-ஐயோ கூப்பிட வேண்டும். அப்போதும் 108-ஐயும் சேர்த்தே கூப்பிட வேண்டும். போலீசிடம் சொல்லும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. "இங்கே ஒருத்தன் ரகளை பண்றான்" என்று சொன்னால் அவர்கள் ரகளையை அடக்கும் தயாரிப்போடு வருவார்கள். "ஒருவருக்கு மனநலம் பாதித்திருக்கிறது, சிகிச்சையில் இருக்கிறார், கையில் கத்தி இருக்கிறது, ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டோம், மருத்துவமனைக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்" என்று சொன்னால் வருகிறவர் மனதிலும் வேறு படம் விழும்.

தற்கொலை முயற்சி என்றால் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மூடி மறைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. மேலே சொன்ன அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரை நிர்ப்பந்திக்கவோ அப்படிச் செய்தால் மட்டுமே தனிப் பிரிவு இருக்கிறது. ஆகவே கேஸுக்குப் பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் இருக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல ஆகிவிடும் என்றும் பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்டால், மனதில் அடைத்துக்கொண்டிருப்பவர் வாய் திறப்பார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை நாம் என்ன செய்வது? வராந்தாவில் கூட்டம் கூடாது. அவருக்குப் பழக்கமான ஒரே ஒருவர் மட்டும் பேசட்டும். குரலை உயர்த்தாமல், கொஞ்சம் தள்ளி நின்று, வாசலை மறிக்காமல் பேசட்டும். அவர் சொல்வது நடக்காத விஷயமாக இருந்தாலும் வாதம் செய்ய வேண்டாம், கிண்டலும் வேண்டாம். "பயமா இருக்குன்னு தெரியுது, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொன்னால் போதும். குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் உட்கார வையுங்கள். மொட்டை மாடிக் கதவைச் செக்யூரிட்டி பூட்டட்டும். மாத்திரைகளும் பூச்சி மருந்தும் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். இது வயல்காட்டு ஊர், அபார்ட்மென்டில் குடியிருந்தாலும் நம்மில் பலர் வீட்டுப் பால்கனியில் பூச்சி மருந்து பாட்டில் இருக்கிறது. கட்டிப் போடுவது கூடவே கூடாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தபோது 28 பேர் கருகிப்போனார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டுவதை இப்போது சட்டமே தடை செய்திருக்கிறது.

இன்னொரு விஷயம், இது எனக்குக் கொஞ்சம் பழக்கமானது. வங்கி கவுண்டரில் இருந்த காலம் முழுக்க, கணக்கு தொடங்க வருகிறவர்களிடம் "நாமினி யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் பின்னால் எத்தனை நடை நடந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வங்கி நாமினி நாம் போன பிறகு வருகிறவர். மனநலச் சட்டத்திலும் ஒரு நாமினி உண்டு, அவர் நாம் உயிரோடு இருக்கும்போதே வேண்டியவர். 14-ஆவது பிரிவின்படி, பதினெட்டு வயது நிறைந்த யாரும் ஒரு வெள்ளைத் தாளில், "எனக்கு மனநலம் சரியில்லாமல் போய் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் இவர் என் சார்பில் இருப்பார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். கைநாட்டும் செல்லும். நியமனப் பிரதிநிதி என்று பெயர். ராத்திரி இரண்டு மணிக்கு, சிகிச்சைக்கு யார் சம்மதம் சொல்வது என்று டாக்டர் கேட்கும்போது, அண்ணனா தம்பியா மனைவியா என்று சண்டை வராமல் இருக்கும். பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் தம்பதிகளுக்கு இது ரொம்பத் தேவை.

இதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2015-16-இல் எடுத்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பாதிப்பு இருக்கிறது. நம் 64 வீடுகளில் சுமார் 150 பெரியவர்கள் என்று வைத்தால் பதினைந்து பதினாறு பேர். இந்த ஹாலில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களிலும் சிலர் இருக்கலாம். அவர்களும் இந்த ஐந்தாவது தீர்மானத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். படித்துவிட்டு, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை இன்னும் உள்ளே தள்ளி வைத்திருப்பார்கள். காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாத வீட்டில்தான் ஒருநாள் ராத்திரி பாத்திரம் உடையும்.

மனநலம் தெரிந்தவர்கள் மக்களைத் தேடி வந்தது நம் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி நம் கடற்கரை ஊர்களை அடித்துப்போட்டபோது நாம் நாகப்பட்டினம் மாவட்டம். அப்போது நிம்ஹான்ஸிலிருந்து மனநலக் குழுவினர் வந்தார்கள். தாங்கள் மட்டும் பேசிவிட்டுப் போகவில்லை. உள்ளூர் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் எப்படி உட்கார்வது, எப்படிக் காதுகொடுத்துக் கேட்பது என்று. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது நாம் எப்படி இருந்தோம் என்பதும் ஞாபகம் இருக்கும். கரண்ட் இல்லை, கீழ்த்தளத்தில் தண்ணீர். மாடி வீடுகள் கீழ் வீட்டுக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டன. தண்ணீர் புகுந்த வீட்டுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை.

ஆகவே ஐந்தாவது தீர்மானத்துக்குப் பதிலாக நான் முன்மொழிவது இவைதான்.

ஒன்று, ஒவ்வொரு லிப்ட் பக்கத்திலும் செக்யூரிட்டி அறையிலும் ஒரு அட்டை. மனநலம் சம்பந்தப்பட்ட அவசரம் என்றால் முதலில் அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்பது, பிறகு 14416, 108. ஆயுதமோ உயிர் ஆபத்தோ இருந்தால் உடனே 108, அதோடு 112.

இரண்டு, பிளாக்குக்கு இரண்டு பேர், ஒரு ஆண், ஒரு பெண், பொறுப்பேற்பது. அன்று ராத்திரி வாசலுக்கு அவர்கள் மட்டும் போவார்கள்.

மூன்று, யாரையும் அந்த நிலையில் வீடியோ எடுப்பதோ குழுவில் போடுவதோ கூடாது. ஏற்கெனவே போட்டது இன்றைக்கே அழிக்கப்பட வேண்டும்.

நான்கு, மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்துக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதி, இந்த ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கேட்பது. அதற்குக் காவல் நிலையத்திலிருந்தும் ஒருவரை அழைப்பது. காவலர்களுக்கு இதில் அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்று சட்டத்தின் 30-ஆவது பிரிவே சொல்கிறது. மனநல மருத்துவரும் காவலரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவது நம் ஊரில் நம் ஹாலில் தொடங்கட்டும்.

ஐந்து, காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் என்ற வரியை முழுவதுமாக நீக்குவது.

செலவு என்று பார்த்தால் அட்டை அச்சடிக்கும் காசும், பயிற்சி அன்று டீ, பிஸ்கட் செலவும்தான். பொருளாளர் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

நமக்குப் பக்கத்து ஊர் வைத்தீஸ்வரன்கோயில். சாமியையே வைத்தியநாதர் என்று கூப்பிடுகிற மண் இது. நோய் என்று வந்தவரை இந்தப் பக்கத்தில் யாரும் துரத்தியதில்லை. இந்த நோயையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். கூட்டம் முடிந்ததும் நம்மில் இரண்டு பேர், பெண்கள் யாராவது கூட வந்தால் நல்லது, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, "நோட்டீஸ் எதுவும் வராது" என்று சொல்லிவிட்டு வரலாம். வாக்கெடுப்பின் முடிவு அப்படி இருந்தால்தான் அதைச் சொல்ல முடியும். கையை உயர்த்தும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.